முன்பக்க லோடர் செய்யலாம், முன் ஆக்சிலைக் கேட்டுவிட்டு

சிறிய டிராக்டருக்கு உள்ளூர்ப் பட்டறையிலேயே முன்பக்க லோடர் (முன்னால் பக்கெட் மாட்டி அள்ளித் தூக்கும் கருவி) செய்துகொள்வது பற்றி, தொண்டியிலிருந்து நரிப்பையூர் வரை ராமநாதபுரம் கடலோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பலரும் சிலிண்டர், பம்பு பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். எண்ணெய் அழுத்தத்தால் எடையைத் தூக்குவது சுலபம். தூக்கிய எடையை டிராக்டர் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: என்னிடம் 24 எச்.பி. நான்கு சக்கர இயக்க டிராக்டர் இருக்கிறது. தொழுவுரமும் கண்மாய்க் கரம்பையும் (வண்டல் மண்) டிரெய்லரில் ஏற்ற முன்னால் பக்கெட் மாட்ட நினைக்கிறேன். எத்தனை கிலோ வரை தூக்கலாம்?
— விவசாயி, திருப்பாலைக்குடி

பதில்: முதலில் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி இன்னொரு எடை எடுங்கள். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். இந்த மூன்று எண்களும் கையில் இல்லாமல் இரும்பு வாங்கப் போக வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 900 கிலோ. முன்னால் 405, பின்னால் 495. ஆக்சில் இடைவெளி 1.5 மீட்டர். லோடரின் எடை 220 கிலோ, அதன் எடைமையம் முன் ஆக்சிலுக்கு 30 செ.மீ. முன்னால். பக்கெட்டில் 200 கிலோ கரம்பை, அது முன் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் முன்னால். முன் ஆக்சிலை அச்சாக வைத்துப் பார்த்தால், கரம்பையின் கவிழ்ப்பு 200 × 1.2 = 240, லோடரின் கவிழ்ப்பு 220 × 0.3 = 66. மொத்தம் 306. இதை 1.5-ஆல் வகுத்தால் 204. அதாவது பின் ஆக்சிலிலிருந்து 204 கிலோ கழன்று முன்னால் வந்துவிடுகிறது. பின்னால் 291 கிலோதான் மிச்சம். முன் ஆக்சிலில் 405, 220, 200, 204 எல்லாம் சேர்ந்து 1,029 கிலோ. தூக்கியது 200 கிலோ. முன் ஆக்சிலின் சுமையோ இரண்டரை மடங்காகிவிட்டது. பின்சக்கரம் லேசாகிவிட்டால் பிரேக்கும் பிடிக்காது. சிறு டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்தில் இருப்பதை மறந்துவிடக் கூடாது.

இதைச் சரிசெய்யப் பின்னால் எதிரெடை வேண்டும். த்ரீ பாயின்ட்டில் (பின்னால் கருவி மாட்டும் மூன்று புள்ளி இணைப்பு), பின் ஆக்சிலுக்கு 80 செ.மீ. பின்னால் 200 கிலோ மாட்டினால், 200 × 2.3 = 460, அதை 1.5-ஆல் வகுக்க 307. பின்னால் 598 கிலோ, முன்னால் 922 கிலோ என்று ஆகிறது. மாட்டியது 200 கிலோ என்றாலும் பின் ஆக்சிலுக்குக் கிடைப்பது 307. முன் ஆக்சிலுக்கு 107 கிலோ குறைகிறது. பின்சக்கரத்துக்குள் தண்ணீர் நிரப்பினால் பின்னால் கனம் கூடும், ஆனால் முன் ஆக்சிலுக்கு ஒரு கிலோகூடக் குறையாது. ஆகவே எதிரெடை ஆக்சிலுக்குப் பின்னால் தள்ளித் தொங்க வேண்டும்.

இதற்குச் சிக்கனமான வழி கான்கிரீட். 200 லிட்டர் பேரலின் அடிப்பாகத்தை 33 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் நிரப்பினால் ஏறக்குறைய 200 கிலோ வரும். ஊற்றும் முன்பே குறுக்கே ஒரு ஷாஃப்ட்டைச் செலுத்திவிடுங்கள். அதன் இரு முனையையும் த்ரீ பாயின்ட்டின் கீழ் லிங்க்குக்காக 22 மி.மீ. ஆக லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். டாப் லிங்க்குக்கு 19 மி.மீ. பின் போகும் இரண்டு தகடுகள், ஷாஃப்ட்டுக்கு 46 செ.மீ. மேலே துளை வருமாறு நிற்க வேண்டும். கீழ் லிங்க் அகலம் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், உங்கள் வண்டியை அளந்த பிறகே ஷாஃப்ட்டை வெட்டுங்கள்.

கேட்டதற்கு நேரான பதில்: எதிரெடையோடு 200 கிலோ. 922 கிலோவை உங்கள் முன் ஆக்சில் தாங்குமா என்பதை வண்டியோடு வந்த கையேட்டிலும், டயர் தாங்குமா என்பதை டயரின் பக்கச்சுவரிலும் பாருங்கள். ஏதாவது ஒன்று குறைவாக இருந்தால் பக்கெட்டைச் சிறிதாக்குங்கள். டயர் காற்று, பக்கச்சுவரில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு இருக்கட்டும்.

கேள்வி: 15 எச்.பி. இரு சக்கர இயக்க டிராக்டரில் இதைச் செய்யலாமா?
— சாயல்குடி

பதில்: வேண்டாம். முன்னால் இருப்பது திருப்புவதற்கான மெல்லிய ஆக்சில். மணலில் சுமையோடு முன்சக்கரம் புதைந்தால், லேசாகிப்போன பின்சக்கரத்தால் வண்டியைப் பின்னால் இழுக்க முடியாது. இந்த வண்டிக்குப் பின்னால் த்ரீ பாயின்ட்டில் மாட்டும் கவிழ்ப்புத் தொட்டி போதும். ரிவர்ஸில் போய் அள்ளி, தூக்கிக்கொண்டு வந்து கொட்டலாம். டிரெய்லர் உயரத்துக்கு எட்டாது. ஆனாலும் தோட்டத்துக்குள் எரு நகர்த்துவதற்கு அதுவே நல்ல கருவி.

கேள்வி: வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். 24 எச்.பி. வண்டிக்கு லோடர் கேட்கிறார்கள். கையின் நீளம், சிலிண்டர் பொருத்தும் இடம், இரும்பு அளவு எல்லாம் சொல்லுங்கள்.
— தேவிபட்டினம்

பதில்: அளவுகளை மேலிருந்து கீழே சொல்கிறோம். லோடர் கை சுழலும் பின் (மூட்டு ஆணி), தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில். அந்தப் பின்னிலிருந்து பக்கெட் பின் வரை நேர்கோட்டில் 180 செ.மீ. பானெட்டையும் முன்டயரையும் தாண்ட வேண்டியிருப்பதால் கையில் ஒரு முழங்கால் மடிப்பு வரும். 180 என்பது அந்த மடிப்பின் வழியாக அளந்ததல்ல, பின்னுக்குப் பின் நேர் அளவு. தூக்கும் சிலிண்டரின் அடிப்பின், சுழலும் பின்னுக்கு 54 செ.மீ. கீழேயும் 11 செ.மீ. பின்னாலும், கையைத் தாங்கி நிற்கும் தூணில் வர வேண்டும். சிலிண்டரின் மேல்முனை, சுழலும் பின்னிலிருந்து 95 செ.மீ. தூரத்தில் கையில் பிடிக்க வேண்டும். சிலிண்டர் மூடியிருக்கும்போது பின்னுக்குப் பின் ஏறக்குறைய 82.5 செ.மீ., முழுக்க விரிந்தால் 134.5 செ.மீ. ஆக, ஸ்ட்ரோக் (ராடு வெளியே வரும் தூரம்) 52 செ.மீ. இந்த அமைப்பில் பக்கெட் பின் தரைக்கு 10 செ.மீ. மேலிருந்து 2 மீட்டர் உயரம் வரை போகும். பக்கெட்டைக் கவிழ்க்கும்போது உதடு 1.6 மீட்டர் சுமாருக்கு இறங்கும். டிரெய்லர் பலகை அதற்கும் உயரமாக இருந்தால் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

இரும்பை வெட்டும் முன் இந்த அளவுகளைப் பிளைவுட்டில் பத்தில் ஒரு பங்காக வரைந்து, ஆணி அடித்து, கையை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். சிலிண்டர் செய்பவரிடம் ஸ்ட்ரோக்கை மட்டும் சொல்லிவிட்டு வருவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மூடிய நீளம், விரிந்த நீளம் இரண்டையும் பின்னுக்குப் பின் எழுதிக் கொடுங்கள். ஸ்ட்ரோக் 52 என்றால் மூடிய நீளம் எப்படியும் அதைவிட 20 முதல் 25 செ.மீ. கூடும்.

தூக்க இரண்டு, கவிழ்க்க இரண்டு என நான்கு சிலிண்டருக்கும் துளை 50 மி.மீ., ராடு 30 மி.மீ. போதும். கவிழ்க்கும் சிலிண்டருக்கு ஸ்ட்ரோக் 35 செ.மீ. சுமார். தூக்கும் சிலிண்டருக்கு 40 மி.மீ. துளையிலேயே தேவையான விசை கிடைக்கும். ஆனால் அதோடு வரும் 25 மி.மீ. ராடு, 134 செ.மீ. விரிந்த நிலையில் வளைந்துவிடும் அபாயம் உண்டு. 50 × 30 போட்டு அழுத்தத்தைக் குறைத்து வையுங்கள். ரிலீஃப் வால்வை (அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயைத் திருப்பிவிடுவது) 90 பாரில் வைத்தாலே, இந்த அளவுகளில் முழு உயரத்தில் பக்கெட்டின் நடுவில் 430 கிலோ தூக்கும். டிராக்டர் தாங்குவது 200 தான். 150 பாருக்கு ஏற்றினால் கை தூக்கிவிடும், முறிவது முன் ஆக்சில். அளவுமானி வைத்து 90-ல் நிறுத்தி, வால்வு திருகுக்குக் கம்பி முத்திரை போட்டுக் கொடுங்கள். வாடிக்கையாளர் ‘இன்னும் கொஞ்சம் ஏத்துங்க’ என்று திரும்பி வருவார். ஏற்றாதீர்கள்.

கைக்கு 96 × 48 × 4.8 மி.மீ. செவ்வகக் குழாய். ‘சி’ சேனல் வேண்டாம். பக்கெட்டின் ஒரு மூலை மட்டும் கல்லிலோ வேரிலோ மாட்டும்போது வருவது முறுக்கு. சேனல் அதைத் தாங்காது. இரண்டு கைகளையும் இணைக்க 3 இன்ச் ஹெவி உருண்டைப் பைப் போடுங்கள். முறுக்கைத் தாங்குவது அந்தப் பைப்தான். சிலிண்டர் பிடிக்கும் இடத்தில் கையின் இருபக்கமும் 8 மி.மீ. தகடு வையுங்கள். தூக்கும்போது கையின் மேல்முகம் இழுபடும். அந்த முகத்தில் குறுக்காக வெல்டு ஓட்டினால் விரிசல் அங்கேதான் தொடங்கும். தகட்டை நீளவாக்கில், முனைகளைக் கூராகக் குறைத்து வெல்டு செய்யுங்கள்.

மூட்டுகளில் போடும் பின், ஈ.என். 8 ரக எஃகு, விட்டம் 30 மி.மீ. பின் வெட்டுப்பட்டு உடைவது அபூர்வம்; அது தேய்ந்து ஆடும். ஆகவே புஷ் (பின்னைச் சுற்றி இருக்கும் உள்குழல்) நீளமாக, மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கிரீஸ் நிப்பிளுக்குத் துளை போடும்போது பாஸையும் (புஷ் உட்காரும் தடித்த வெளிக்குழாய்) புஷ்ஷையும் சேர்த்துத் துளையுங்கள். பல லோடர்களில் வெளியே நிப்பிள் இருக்கும், உள்ளே புஷ்ஷில் துளை இருக்காது; கிரீஸ் கன் கெட்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே ஆறு மாதத்தில் பின்னைத் தேய்த்துவிடுவார்கள். பின் சுழலாமல் இருக்க ஒரு பக்கம் காதுத்தகடு வைத்து போல்ட் போடுங்கள்.

பக்கெட்டின் அகலம் முன் டயர்களின் வெளி அகலத்தைவிட 5 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். 120 செ.மீ. அகலம், தரைத்தகடு 45, பின்தகடு 40 என்றால் மட்டம் தட்டி ஏறக்குறைய 110 லிட்டர் பிடிக்கும். ஈரக் கரம்பை 185 கிலோ வரும். 5 மி.மீ. தகடு போதும். உதட்டுக்கு 16 மி.மீ. கனத்தில் பழைய ஜே.சி.பி. கட்டிங் எட்ஜை வெட்டிப் போடலாம். அது கார்பன் அதிகமுள்ள எஃகு. குளிர்ந்த நிலையில் சாதாரண வெல்டிங் ராடு வைத்து ஒட்டினால் வெல்டு ஓரத்திலேயே மயிரிழை விரிசல் விட்டு, ஒருநாள் முழு உதடும் பிரியும். 150 முதல் 200 டிகிரி வரை சூடாக்கி, 7018 ராடு வைத்து ஒட்டி, மணலில் மூடி மெதுவாக ஆற விடுங்கள்.

7018 பற்றி இந்தக் கடற்கரைக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. பெட்டி பிரித்த ராடு இங்குள்ள ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே ஈரம் குடித்துவிடும். அந்த ராடு போட்ட வெல்டுக்குள் ஹைட்ரஜன் போய், மறுநாள் விரிசல் தரும். 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டு, சூடாகவே எடுத்துப் பயன்படுத்துங்கள். அடுப்பு இல்லாத பட்டறை, கைக்கும் தூணுக்கும் 6013 பயன்படுத்தி, பொறுமையாக இரண்டு மூன்று அடுக்கு ஓட்டலாம். ஈரமான 7018-ஐவிடக் காய்ந்த 6013 மேல்.

கேள்வி: டிராக்டரின் சொந்த ஹைட்ராலிக்கிலிருந்தே எண்ணெய் எடுத்துவிடலாம், தனிப் பம்பு வீண்செலவு என்று மெக்கானிக் சொல்கிறார். சரியா?
— கீழக்கரை

பதில்: எங்கள் கருத்தில் சரியல்ல. பல சிறு டிராக்டர்களில் கியர்பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் கியர்பெட்டி எண்ணெயும் வயலில் கொட்டும். புதிதாகச் செய்த சிலிண்டருக்குள் இருக்கும் வெல்டு பொடியும் கடைசல் தூளும் நேரே கியருக்குப் போகும். வெளியே எடுக்கும் வழி ஒன்றுதான் உள்ளது என்றால் தூக்க மட்டும் முடியும், அழுத்த முடியாது.

பி.டி.ஓ.வில் (எஞ்சின் விசையை வெளியே தரும் பின்பக்கச் சுழல்தண்டு) மாட்டும் பம்பு நல்ல வழி. 540 சுற்றை 1:3 கியர்பெட்டி 1,620 ஆக்கும். சுற்றுக்கு 12 சி.சி. தள்ளும் கியர் பம்பு வைத்தால் கணக்குப்படி 19 லிட்டர், நடைமுறையில் நிமிடத்துக்கு 18 லிட்டர். இரண்டு தூக்கும் சிலிண்டருக்கும் சேர்த்து 2 லிட்டர் சொச்சம் வேண்டும். தரையிலிருந்து உச்சிக்குப் போக 7 விநாடி ஆகும். இதற்கு மேல் வேகம் வேண்டாம். 90 பாரில் 18 லிட்டருக்கு 4 எச்.பி. சுமார்தான் செலவாகும், எஞ்சினுக்கு அது பொருட்டே இல்லை. பம்பின் உடல் தன்னோடு சுழலாமல் இருக்க ஒரு நிறுத்துகை வைத்து வண்டியோடு சங்கிலியில் கட்டுங்கள். அதை விட்டுவிட்டு கிளட்சை விட்டால், பம்பு ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு ஹோஸையும் பிய்த்துவிடும்.

தனித் தொட்டி 30 லிட்டர், எண்ணெய் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 68. தொட்டியின் எண்ணெய் மட்டம் பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். உறிஞ்சும் ஹோஸ் 1 இன்ச், திரும்பும் ஹோஸ் முக்கால் இன்ச். அழுத்த ஹோஸ் 3/8 இன்ச், எஸ்.ஏ.ஈ. 100 ஆர்2 ரகம், இரட்டைக் கம்பிப் பின்னல். உறிஞ்சும் ஹோஸைச் சிறிதாகப் போட்டால் பம்பு கரகரவென்று கத்தும், எண்ணெய் நுரைக்கும், சீக்கிரமே பம்பின் உள்முகம் அரித்துப்போகும். திரும்பும் குழாய் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும். திரும்பும் வழியில் 25 மைக்ரான் வடிகட்டி வையுங்கள். சிலிண்டர் விரிந்து மூடும்போதெல்லாம் தொட்டி காற்றை உள்ளிழுக்கும்; நம் கடற்கரையில் அது உப்பும் ஈரமும் கலந்த காற்று. அதனால் தொட்டி மூடிக்கு வடிகட்டியுள்ள பிரீதர் அவசியம். எண்ணெய் மோர் நிறத்துக்கு மாறினால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று பொருள், மாற்றிவிடுங்கள்.

வால்வு, இரண்டு ஸ்பூல் (எண்ணெய்ப் பாதையைத் திறந்து மூடும் உருளை) கொண்ட மோனோபிளாக் (ஒரே கட்டியாக வார்த்தது). தூக்கும் ஸ்பூலில் ஃப்ளோட் நிலை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். தரையை மட்டம் செய்யும்போது பக்கெட் மேடுபள்ளத்தைத் தானே தொடரும். தூக்கும் சிலிண்டரின் அடிவாயில், இறங்கும்போது மட்டும் எண்ணெயை மெதுவாக்கும் ஒருவழி ரெஸ்ட்ரிக்டர் போடுங்கள். அது இல்லாமல், சுமையுள்ள பக்கெட் வேகமாக இறங்கும்போது நெம்புகோலைச் சட்டென்று விட்டால், அந்த அதிர்ச்சி முழுவதும் தூணிலும் முன் ஆக்சிலிலும் இறங்கும்.

கேள்வி: லோடரின் தூணை கிளட்ச் ஹவுசிங் பக்கவாட்டு போல்ட்டுகளில் மாட்டினோம். சில மாதங்களில் எஞ்சினும் ஹவுசிங்கும் சேரும் இடத்தில் எண்ணெய் கசிகிறது. போல்ட்டும் தளர்கிறது.
— பெரியபட்டினம்

பதில்: உடனே பக்கெட் வேலையை நிறுத்துங்கள். பக்கெட் முன்னே அழுத்தும்போது வண்டி நடுவில் மடங்கப் பார்க்கிறது. மடங்கும் இடம் அந்த இணைப்புதான். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, விரிசல்தான் விடும். தூணின் அடியிலிருந்து பின் ஆக்சில் ஹவுசிங் வரை இருபக்கமும் ஒரு சட்டம் ஓட வேண்டும். அதே சட்டம் முன்னால் ஆக்சில் பிராக்கெட் வரை போய், அங்கே ஒரு குறுக்குச்சட்டத்தில் சேர வேண்டும். 75 × 10 மி.மீ. பட்டையோ, கைக்குப் போட்ட அதே செவ்வகக் குழாயோ போதும். பின் ஆக்சிலில் பிடிப்பது ‘யு’ போல்ட்டும் தகடும் வைத்து. வண்டியின் வார்ப்பில் வெல்டு வைக்கவே கூடாது.

போல்ட் 8.8 தரம், ஸ்பிரிங் வாஷரை நம்பாமல் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். சட்டத்தில் எம்16 என்றால் 200 நியூட்டன் மீட்டர் சுமார். வார்ப்பில் ஏறும் போல்ட்டுக்கு வண்டிக் கையேடு சொல்வதே அளவு. முதல் 10 மணி நேர வேலைக்குப் பின் எல்லாவற்றையும் மறுபடி முறுக்க வேண்டும், ஏனென்றால் பெயின்ட் படலம் அமுங்கி எல்லாம் கொஞ்சம் தளரும். சட்டத்தை வண்டியில் வைத்து ஒரு புள்ளி வெல்டு போட வேண்டியிருந்தாலும், பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எர்த் தூரத்தில் இருந்தால் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் முகத்தைப் பொரித்துவிடும்.

கேள்வி: லோடர் செய்து ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. பின்கள் இறுகிவிட்டன. சிலிண்டர் ராடில் புள்ளி புள்ளியாகத் துரு. வீடு கடலுக்குப் பக்கம்.
— தங்கச்சிமடம்

பதில்: பாம்பன், மண்டபம் பக்கத்துக் காற்று இரும்பைத் தின்பதில் பேர் போனது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் தன் அரிப்பு ஆய்வு நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பது இதனால்தான். மதுரையில் செய்த லோடருக்குப் போதுமான பாதுகாப்பு இங்கே போதாது.

ராடின் பளபளப்பு ஒரு மெல்லிய குரோம் பூச்சு. அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. உப்புநீர் அதற்குள் போய் அடியிலுள்ள எஃகை அரிக்கிறது. அரித்த குழியின் ஓரம் சீலைச் சீவிவிடும். நகத்தை வைத்து ராடின் நீளத்துக்கு ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாத புள்ளிகளை எண்ணெய் தடவிய மெல்லிய சாணைக்கல்லால் லேசாகத் தேய்த்து விடலாம். நகம் தட்டினால் ராடைக் கழற்றி மறுகுரோம் போட வேண்டியதுதான். சீல் மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு.

இனி செய்ய வேண்டியது: வேலை முடிந்ததும் கையைத் தரைக்கு இறக்கி, பக்கெட்டைப் பின்னுக்கு மடக்கி நிறுத்துங்கள்; அப்போது ராடுகள் அதிகம் உள்ளே இருக்கும். கவிழ்த்த நிலையில் நிறுத்தினால் கவிழ்க்கும் ராடு முழுக்க வெளியே நின்று இரவெல்லாம் உப்பு வாங்கும். வெளியே தெரியும் கொஞ்சப் பகுதியிலும் கிரீஸ் தடவி விடுங்கள். ராடுக்கு ரெக்சின் உறை போடுவது இங்கே கெடுதல், உறைக்குள் உப்புத் தண்ணீர் தேங்கும். கழுவுவது நல்ல தண்ணீரில் மட்டும். உவர்ப்பு போர் தண்ணீரில் கழுவுவதைவிடக் கழுவாமல் துணியால் துடைப்பது மேல்.

இறுகிய பின்னைச் சுத்தியால் அடிக்கும் முன், பாஸை வெளிப்பக்கம் சூடாக்கி, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுபடி மாட்டும்போது படகு எஞ்சின்காரர்கள் வாங்கும் மெரைன் கிரீஸ் போடுங்கள். தண்ணீரில் கழுவிப் போகாது. வேலை நாளில் தினமும், பழைய கிரீஸ் இரு ஓரத்திலும் பிதுங்கும் வரை அடியுங்கள். உப்பைத் தடுப்பது அந்தப் பிதுங்கிய வளையம்தான், அதைத் துடைக்க வேண்டாம்.

பெயின்ட் விஷயத்தில், சுரண்டிய இரும்பை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த உடனே ப்ரைமர் அடிக்க வேண்டும். உப்பு மேல் அடித்த பெயின்ட் கொப்புளம் விடும். துத்தநாகம் கலந்த எபாக்ஸி ப்ரைமர், அதன் மேல் எபாக்ஸி, வெயிலுக்கு மேல்பூச்சாக பி.யூ. (பாலியூரித்தேன்) என்று மூன்று அடுக்கு. புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கும் துத்தநாகத்தை அடியில் வைத்தே பூச்சு அடித்திருக்கிறார்கள். குழாய்களின் வாயை முழுக்க வெல்டு செய்து அடைத்துவிடுங்கள். பாதி அடைத்த குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

கேள்வி: தூக்கி வைத்த கை தானே மெல்ல இறங்குகிறது. சிலிண்டர் சீலை இரண்டு தடவை மாற்றியும் அதே குறை.
— தொண்டி

பதில்: குறை வால்வில் இருக்க வாய்ப்பு அதிகம். சிலிண்டரின் இரண்டு வாயும் அடைபட்டிருந்தால், நடுச்சீல் (பிஸ்டன் சீல்) முழுக்கப் போயிருந்தாலும் கை ஓரளவுக்கு மேல் இறங்க முடியாது. ராடு உள்ளே வர, அதன் கனஅளவு எண்ணெய் எங்காவது வெளியேறியாக வேண்டும். அது வெளியேறுவது தேய்ந்த ஸ்பூல் வழியாகத்தான். சீலைச் சோதிக்க, கையை முழுக்க உயர்த்தி, விழாதபடி இரும்பு முட்டுக் கொடுத்து, எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை விடுங்கள். ராடு பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை பிளக் போட்டு அடையுங்கள். எஞ்சினை ஓட்டி, தூக்கும் பக்கமே நெம்புகோலைப் பிடியுங்கள். சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து எண்ணெய் தொடர்ந்து வந்தால் சீல் குறை. வராவிட்டால் வால்வைப் பாருங்கள். ஸ்பூலை மட்டும் தனியாக மாற்ற முடியாது. அது தன் துளைக்கென்றே தேய்த்துப் பொருத்தியது. முழு வால்வையும் மாற்றுங்கள்.

ஹோஸில் ஊசிமுனைக் கசிவு தெரிந்தால் விரலை வைத்துத் தேடாதீர்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருக்கும், ஆனால் கையையே இழக்க நேரலாம். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தோலுக்குள் போய்விட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கெட்டை முழுக்க உயர்த்தும்போது கரம்பைக் கட்டி பின்னால் பானெட் மேல் விழுகிறது. எங்கே தவறு?
— உப்பூர்

பதில்: அமைப்பில் தவறில்லை, ஓட்டும் பழக்கம்தான் மாற வேண்டும். கை கீழிருந்து மேலே போக 65 டிகிரி சுழல்கிறது. பக்கெட்டும் கையோடு அதே அளவு பின்னுக்குச் சாய்கிறது. உயர்த்திக்கொண்டே போகும்போது இன்னொரு நெம்புகோலால் பக்கெட்டை முன்னுக்குச் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டு வர வேண்டும். இன்று பானெட்டில் விழுவது நாளை ஓட்டுபவர் தலையில் விழும். பக்கெட்டின் பின்தகட்டுக்கு மேலே 20 செ.மீ. உயரத்தில் கம்பித் தடுப்பு வைப்பது கட்டாயம். சுமையோடு நகரும்போது பக்கெட் தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் போகக் கூடாது. கண்மாய்க் கரையின் சரிவில் சுமையை உயர்த்தியபடி குறுக்கே ஓட்டினால் வண்டி உருளும்.

கேள்வி: இதை வைத்து உப்பு ஏற்றலாமா? கடற்கரையில் மணல் அள்ளலாமா?
— வாலிநோக்கம், ஏர்வாடி வாசகர்கள்

பதில்: உப்பு ஏற்றலாம், கரம்பையைவிட லேசு. ஆனால் லோடரின் ஆயுள் பாதியாகும். ஒவ்வொரு மாலையும் நல்ல தண்ணீர் கிடைக்காத இடமென்றால் இறங்க வேண்டாம். கடற்கரை மணலை அள்ளக் கூடாது. கடற்கரை ஒழுங்காற்று மண்டல விதிகள் தடுக்கின்றன. மணல்மேடு போனால் பின்னாலிருக்கும் ஊரின் கிணறும் உவர்ப்பாகும். கண்மாய்க் கரம்பைக்கும் அனுமதி வாங்கிய பிறகே போங்கள்.

கேள்வி: சீமைக் கருவேல் வெட்டிப் போட்ட கிளைகளைத் தள்ளும்போது ஹோஸ் கிழிகிறது, டயர் பஞ்சராகிறது. எஞ்சினும் சூடாகிறது.
— நரிப்பையூர்

பதில்: பக்கெட்டால் கிளையைத் தள்ளாதீர்கள். பக்கெட் பின்களிலேயே மாட்டும் முள்கரண்டி ஒன்று செய்யுங்கள்: 90 செ.மீ. நீளத்தில் ஐந்து பல், 40 மி.மீ. சதுரக் குழாய், முனை மேல்நோக்கிச் சற்று வளைந்து. குவியலைக் கீழிருந்து எடுத்துத் தூக்கிக்கொண்டே போனால் முள் டயருக்கடியில் சிக்குவது வெகுவாகக் குறையும். ஹோஸ்களைக் கையின் உள்பக்கமாக ஓட்டி, சிலிண்டர் வரை 2 மி.மீ. தகட்டு மூடி போடுங்கள். மூடியைத் தாண்டி ஆடும் பகுதிக்குப் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டி உறையாக மாட்டலாம். முள் அதைத் துளைப்பது கடினம்.

சூடாவதற்குக் காரணம், கருவேல இலைத்தூள் ரேடியேட்டர் முகத்தில் அப்புவது. கிரில்லுக்கு முன்னால் 3 மி.மீ. கண்ணுள்ள வலை ஒன்று கழற்றி மாட்டும்படி வையுங்கள். வேலைக்கு நடுவே மணிக்கொரு தடவை அதைக் கழற்றி உதறுங்கள். ரேடியேட்டரை விசிறிப் பக்கமிருந்து முன்னோக்கி ஊதிச் சுத்தம் செய்யுங்கள். முன்னாலிருந்து ஊதினால் தூள் உள்ளேதான் இறுகும்.